விளம்பரதாரர் போனார், வாசகர் வந்தார்

மாவட்ட நிருபர் என்றால் செய்தி சேகரிப்பவர் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பாதி வேலை விளம்பரம் பிடிப்பது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை, தலைவர்களின் பிறந்தநாள், புது ஷோரூம் திறப்பு என்று ஆண்டு முழுக்க சிறப்பிதழ் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கு உண்டு. பகுதிநேர நிருபருக்குச் செய்திக்கென்று கிடைக்கும் காசு பெட்ரோலுக்கே பத்தாது. விளம்பரக் கமிஷன்தான் அவருக்குச் சம்பளம். திருப்பூரில் நான் நாளிதழில் இருந்த காலம் முழுக்க இப்படித்தான் ஓடியது. காலையில் எந்தக் கம்பெனி வாசலில் விளம்பரத்துக்காகக் காத்திருந்தேனோ, அதே கம்பெனியைப் பற்றிப் புகார் சொல்ல மாலையில் விவசாயிகள் என்னைத் தேடி வருவார்கள்.

புகார்களில் முக்கால்வாசி நொய்யல் ஆற்றைப் பற்றியவை. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டும். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீர் ஆற்றில் கலந்து, கிணறுகளில் இறங்கி, பாசனத்துக்கென்று 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்கழிவுக் குட்டையாக்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நான் வேலை பார்த்த நாளிதழில் அடுத்த சில வாரங்கள் வந்ததெல்லாம் ஏற்றுமதி இழப்பு, ஆர்டர் ரத்து, வேலையிழப்பு பற்றிய செய்திகள். மூன்றும் உண்மைதான். ஆனால் கிணறு கெட்டு, தென்னை கருகிப்போன தோட்டத்துக்காரர் அந்தச் செய்திகளின் கடைசிப் பத்தியில் ஒரு வரியாக மட்டும் இருந்தார்.

அப்படி எழுதச் சொல்லி யாரும் எங்களை மிரட்டவில்லை. வெளியில் இருப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பட்டறைக்காரர் போன் செய்தால் குரலில் அவ்வளவு மரியாதை இருக்கும். "ஏனுங் தம்பி, ஆறு இன்னிக்கா கெட்டுப் போச்சு? தீவாளிக்கு முழுப்பக்கம் பேசிக்கலாமுங்க, இதை மட்டும் விட்டுருங்க" என்பார். டெஸ்க்கில் இருந்த பெரியவர் இன்னும் அன்பானவர். "கண்ணு, மேட்டர் நல்லாருக்குது. எடிஷன்லதான் எடம் இல்லை" என்பார். எங்கள் தொழிலில் தணிக்கை பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வந்தது. இடம் இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. மறுநாள் அந்தச் செய்தி பழசாகியிருக்கும்.

வேலையை விட்டு, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்ன இணையதளமும் யூடியூப் சேனலும் தொடங்கியபோது மனதில் இருந்தது இந்த ஒரே கணக்குதான்: விளம்பரம் வாங்காவிட்டால் இடம் இருக்கும். வாசகர் சந்தாவில் நடத்துவது என்று முடிவு செய்தோம். 2012இல் தொடங்கிய நியூஸ்லாண்ட்ரி இணையதளம் அந்த வழியில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. பத்திரிகையாளர் சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' தளம், கிராமத்துக் கட்டுரைகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கும் முன்னால், அச்சிலேயே துணிந்து எழுதிய மரபு நமக்கு உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் இதழ் நடத்திய வழக்கில்தான், ஒன்றை வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை இல்லை என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. புதிதாக இருந்தது செலவுக் கணக்கு மட்டும். அச்சகமும் காகிதமும் ஏஜென்டும் இல்லாமல், ஒரு கேமராவும் ஒரு லேப்டாப்பும் வைத்துக்கொண்டு ஊர்ச் செய்தியை ஊருக்குச் சொல்ல முடிந்தது.

வெளியே வந்ததும் முதலில் தெரிந்தது, எங்களுக்கு எந்தக் கதவும் திறக்காது என்பது. மாவட்டச் செய்தித் துறையின் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் எண் இல்லை. அமைச்சர் வருகை, ஆய்வுக் கூட்டம், போலீஸ் பிரஸ்நோட் எதுவும் வராது. அங்கீகார அட்டை கேட்டால் பேப்பர் பெயரைக் கேட்பார்கள். பிரஸ்மீட்டில் எங்கள் மைக்கை மேசையில் வைத்தால் யாராவது ஓரமாக நகர்த்துவார்கள். இந்தப் புறக்கணிப்பு எங்களுக்கு நல்லதாகவே முடிந்தது. பிரஸ்நோட் வராத நிருபர் ஆவணத்தைத் தேடித்தான் போக வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தை நாளிதழில் இருந்தபோதும் நாங்கள் பயன்படுத்தினோம்தான். ஆனால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் ஆணையம். தினமும் பக்கம் நிரப்ப வேண்டிய ஓட்டத்தில் இதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கும்? சின்ன ஊடகத்தில் இந்தக் காத்திருப்பே முழுநேர வேலையானது. ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்டால் பதில் கிடைக்காது, ஏனென்றால் அலுவலகத்தில் உள்ள பதிவைத்தான் சட்டப்படி கேட்க முடியும். ஆகவே இன்ன தேதியிட்ட ஆய்வறிக்கையின் நகல் என்று கேட்க வேண்டும். அதைவிட நல்ல வழி, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது. சட்டத்தின் பிரிவு 2(ஜெ) அந்த உரிமையைத் தருகிறது. கோப்பைப் புரட்டும்போதுதான், கேட்கத் தோன்றியே இராத காகிதங்கள் கண்ணில் படும்.

மழை பெய்யும் இரவுகளில் சாயத்தண்ணீரைத் திறந்துவிடும் வழக்கம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் ஓடைக்கரையில் நின்று, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கி எண்ணைக் கேமராவில் காட்டுவோம். கரைந்த உப்பு ஒரு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கையடக்க மீட்டர் காட்டுவது சாட்சியாகாது என்பதால், அதே தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கும் அனுப்பி, அறிக்கை வந்த பிறகே பட்டறையின் பெயரைச் சொல்வோம். அறிக்கையை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த பதிலை, பட்டறைக்காரரின் மறுப்பை முழுதாக அப்படியே பதிவேற்றினோம். இதன் விளைவை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காகிதங்களை அச்செடுத்துக்கொண்டு விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனார்கள். பட்டறைக்காரர்களின் சங்கத்திலிருந்தே ஒருவர் எங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்க முடியுமா என்று கேட்டு எழுதினார்; அதையும் சரிபார்த்துப் பதில் போட்டோம். முன்பெல்லாம் பேப்பரில் வந்துவிட்டதா, அப்படியென்றால் உண்மை என்பார்கள். இப்போது, காகிதம் எங்கே, காட்டு என்கிறார்கள். பொது விவாதத்தில் நான் கண்ணால் பார்த்த மாற்றங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அடுத்த மாற்றத்தை 2023 மார்ச் காட்டியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. பரவிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். மார்ச் 8 ஹோலி. திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. அதில் பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பீகார் அரசின் அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து தொழிலாளர்களிடம் பேசியது.

அந்த வதந்தியைப் பரப்பியதற்காகக் கைதானவர்களில் யூடியூபர் ஒருவரும் இருந்தார். வழக்குப் பாய்ந்தவர்களில் ஒரு பெரிய இந்தி நாளிதழின் ஆசிரியரும் இருந்தார். பொய்யை உடைத்தவர்களிலும் இப்படியே கலவையாகத்தான் இருந்தது. போலீஸ் பேசியது, கூடவே ஆல்ட் நியூஸ் போன்ற சின்ன உண்மை சரிபார்ப்பு நிறுவனங்கள் ஒவ்வொரு வீடியோவாக எடுத்து, எந்த ஊரில் எப்போது நடந்தது என்று காட்டின. பெரிய ஊடகம் பொறுப்பானது, யூடியூப் பொய்யானது என்றோ, அதற்கு நேர் எதிராகவோ ஒருவர் இன்றைக்குப் பேசினால், அந்த வாரத்தை அவர் பார்த்திருக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நாங்கள் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருந்த லைன் வீடுகளுக்குப் போனோம். வீடியோவை யார் அனுப்பினார்கள், எந்தக் குழுவில் வந்தது என்று தொழிலாளர்களின் போனிலேயே பார்த்தோம். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், அந்தத் துணியைத் தைக்கும் வடமாநிலத்துக்காரரின் போன் நம்பர் வைத்திருந்த நிருபர்கள் மிகக் குறைவு. அவர்களைப் பற்றிய செய்தியெல்லாம் லேபர் கான்ட்ராக்டரோ இன்ஸ்பெக்டரோ சொன்னதுதான். அந்த வாரத்திலிருந்து எங்கள் வீடியோக்களில் இந்தி எழுத்தும் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அவர்களே பேச ஆரம்பித்தார்கள். பிஎஃப் பிடித்த கம்பெனி கட்டவில்லை, இஎஸ்ஐ அட்டை தரவில்லை, ஓவர்டைம் கணக்கில் ஏறவில்லை என்று வந்த புகார்கள் உள்ளூர்த் தொழிலாளர்களின் புகார்களிலிருந்து ஒரு நூல்கூட வித்தியாசப்படவில்லை. கருத்துப் பகுதியில் தமிழில் திட்டிக்கொண்டிருந்தவர்களில் சிலர், எனக்கும் இதே கம்பெனியில் இதே கதைதான் என்று எழுதினார்கள்.

நாட்டளவில் சின்ன ஊடகங்களின் பொறுமை என்ன செய்யும் என்பதற்கு, கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரங்களின் கதையைத்தான் எங்கள் பயிற்சி வகுப்புகளில் சொல்வேன். 2018 ஏப்ரலில் 'தி குவின்ட்' தளத்தின் பூனம் அகர்வால் ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கினார். ஒன்றை ஆய்வகத்துக்குக் கொடுத்தார். புற ஊதா ஒளியில் மறைவான எண் ஒன்று தெரிந்தது. நன்கொடையாளரின் அடையாளம் ரகசியம் என்று சொல்லப்பட்ட பத்திரத்தில் எண் எதற்கு? அது பாதுகாப்புக்கான குறி மட்டும்தான், வாங்குபவரோடு சேர்த்துக் குறிக்கப்படுவதில்லை என்றது நிதி அமைச்சகம். 2019இல் பத்திரிகையாளர் நிதின் சேத்தி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஆர்வலர் லோகேஷ் பத்ரா பெற்ற ஆவணங்களை வைத்து, இந்தத் திட்டத்தை ரிசர்வ் வங்கி எதிர்த்ததை வெளியே கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் ஆண்டுகள் ஓடின. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. மார்ச் 14இல் தேர்தல் ஆணையம் வெளியிட்ட பட்டியல்களில் வாங்கியவர் ஒரு பக்கம், பெற்ற கட்சிகள் மறுபக்கம், நடுவே தொடர்பு எதுவும் இல்லை. பத்திரங்களை விற்ற வங்கியை நீதிமன்றம் மீண்டும் கண்டித்த பிறகு மார்ச் 21இல் எண்களும் வந்தன. கொடுத்தவரையும் பெற்றவரையும் இணைத்தது, ஆறு ஆண்டுக்கு முன் ஒரு நிருபர் விளக்கடியில் பார்த்த அதே வகை எண்தான்.

நியூஸ்லாண்ட்ரி, தி நியூஸ் மினிட், ஸ்க்ரோல் மூன்றும் தனியாக இயங்கும் செய்தியாளர்கள் சிலரும் சேர்ந்து அந்தப் பட்டியலைப் பிரித்துக்கொண்டு வேலை செய்தார்கள். எக்ஸ்க்ளூசிவ் என்று சொந்த ஆபீசுக்குள்ளேயே செய்தியை ஒளித்துவைத்துப் பழகிய எங்கள் தலைமுறைக்கு இது புதிய பாடம். ஆள் குறைவாக இருப்பவர்கள் போட்டி போட்டால் கட்டுப்படியாகாது.

எங்கள் தொழிலின் புதிய நோயை நான் பார்த்ததும் அந்தப் பட்டியலில்தான். அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோவையிலிருந்து இயங்கும் பியூச்சர் கேமிங் லாட்டரி நிறுவனம். 1,368 கோடி ரூபாய். அதில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்குப் போனது. எல்லாக் கட்சிகளிலும் அதிகம் பெற்றது பாஜக. 2019 ஏப்ரலிலிருந்து மட்டும் 6,000 கோடிக்கு மேல். இரண்டையும் ஒரே வீடியோவில் சொன்னோம். ஒரு பாதிப் பேர் முதல் தகவலை மட்டும் வெட்டிப் பரப்பினார்கள். மறுபாதிப் பேர் இரண்டாவதை மட்டும். சந்தாதாரர்களிடமிருந்து வந்த கடிதங்களிலும் அதே தொனிதான். இந்த நேரத்தில் இதை எதற்குச் சொல்கிறீர்கள், அவர்களுக்குச் சாதகமாகிவிடாதா என்று கேட்டார்கள். பட்டறைக்காரர் முழுப்பக்க விளம்பரத்தைக் காட்டிக் கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் அவரிடம் எனக்குக் கோபம் வந்தது. இவர்களிடம் வரவில்லை, ஏனென்றால் இவர்கள் நல்லவர்கள், நியாயத்துக்காகக் காசு கொடுக்கிறவர்கள். அதனாலேயே இவர்களை எதிர்த்து எழுதுவது கடினம். விளம்பரதாரர் என்ன எழுதக் கூடாது என்று சொன்னார். சந்தாதாரர் என்ன எழுத வேண்டும் என்கிறார். முதலாவது தணிக்கை என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை நாங்களே வாசகர் ஆதரவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

யூடியூப் இதை இன்னும் இறுக்குகிறது. ஆயிரம் சப்ஸ்கிரைபரும் ஆண்டுக்கு நாலாயிரம் மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் நீண்ட வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனல் நடத்துபவருக்கு. ஆனால் சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்கிச் செத்தவர்களைப் பற்றி வீடியோ போட்டால் மஞ்சள் டாலர் விழும். மரணம், வன்முறை இருக்கும் படத்துக்கு விளம்பரம் குறைந்துவிடும். அதே நாள் இரண்டு கட்சிப் பேச்சாளர்களை உட்காரவைத்துக் கத்தவிட்டால் பச்சை டாலர் எரியும். தம்ப்நெயிலில் 'கிழித்தெடுத்தார்', 'கதறவிட்டார்' என்று போடாவிட்டால் ஆள் வருவதில்லை. களத்துக்குப் போகாமல் ஸ்டுடியோவில் உட்கார்ந்தபடியே அரசியல் ஆரூடம் சொல்பவர்கள் பெருகியதற்குக் காரணம் அவர்களின் குணம் மட்டும் இல்லை. நிருபரை ஊருக்கு அனுப்பப் பஸ் காசு வேண்டும். பேட்டிக்கு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

சட்டத்தின் நிழலும் எங்களுக்குக் குறைவு. பத்திரிகை மன்றம் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சு இதழ்களுக்கும் செய்தி முகமைகளுக்கும் மட்டும்தான். எங்கள் மேல் புகார் என்றால் 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நாங்களே ஒரு குறைதீர் அலுவலரை வைத்து 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். அந்த விதிகளின் முக்கியப் பிரிவுகளுக்கு நீதிமன்றத் தடை வந்ததால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முழுவதுமே முடங்கியது. மார்ச்சில் உயர் நீதிமன்றம் சென்று, அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவைத்துத் தளத்தைத் திறக்க வேண்டியிருந்தது. நூற்றாண்டைத் தொடும் நிறுவனத்துக்கே அந்த நிலை. எங்களைப் போன்றவர்களின் தளம் முடங்கினால் வக்கீலுக்குக் கொடுக்கவே ஓராண்டுச் சந்தா காணாது. உயிருக்கான பாதுகாப்பு பெரிய ஊடகத்தில் இருப்பவர்களுக்கும் இல்லை. 2024 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் பல்லடம் அருகே தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர், சிலர் தன்னை நோட்டமிடுகிறார்கள் என்று போலீசுக்குப் போன் செய்து உதவி கேட்டும் பலனில்லாமல், வெட்டப்பட்டார். அதற்குப் பிறகு எங்கள் நிருபர்கள் யாரும் இரவில் தனியாக ஓடைக்கரைக்குப் போவதில்லை.

சந்தாதாரர் தரும் அழுத்தத்துக்கு நாங்கள் சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். ஒருவர் தரும் தொகைக்கு உச்சவரம்பு வைத்தோம். வரவு செலவைத் தளத்தில் போடுகிறோம். எந்த வீடியோவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற திரையை நிருபர்களுக்குக் காட்டுவதில்லை. சந்தா திடீரென்று சரிந்தால் தாங்குவதற்குச் சில மாதச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கிறோம். இந்தக் கடைசி ஏற்பாடுதான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. கையில் இருப்பு இல்லாத ஆசிரியரிடம் கொள்கை பற்றிப் பேசிப் பயனில்லை.

அந்த இருப்பின் அருமை ஒரு தொழிற்சங்கக் கிளையைப் பற்றிய கட்டுரையில் தெரிந்தது. நலநிதிக்கென்று தொழிலாளர்களிடம் பிடித்த பணத்துக்குக் கணக்கு இல்லை. எங்கள் சந்தாதாரர்களில் பெரும்பங்கினர் தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள். பிஎஃப் கதைகளுக்காகவே எங்களிடம் வந்தவர்கள். ஆவணங்களைத் திரட்டி எழுதிய இளம் நிருபர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, இதைப் போட்டா எத்தனை பேருங்கண்ணா நிறுத்துவாங்க?"

"போட்டுட்டு எண்ணிக்கலாம் கண்ணு" என்றேன்.

சங்கத்தின் பதிலையும் வாங்கி, முழுதாகச் சேர்த்து வெளியிட்டோம். கணிசமானவர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். முதலாளிகளுக்கு விலைபோய்விட்டீர்கள் என்று எழுதிவிட்டுப் போனவர்களும் உண்டு. இருப்பிலிருந்து எடுத்துச் சம்பளம் கொடுத்தோம். சில மாதம் கழித்து அந்தக் கிளை தன் கணக்கைப் பொதுக்குழுவில் வாசித்தது. நிறுத்தியவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை. வராதவர்களின் இடத்தை நிரப்பப் புதியவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சுயாதீன ஊடகம் என்றதும் மேடைகளில் துணிச்சலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். துணிச்சலுக்குப் பஞ்சமில்லை, வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரிடமும் அது இருக்கிறது. ஆனால் அவர்களுக்குப் பத்திரிகையாளர் ஊதியக் குழுவின் சம்பளம் கிடையாது, விபத்துக் காப்பீட்டை நாங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, கல்யாணம் ஆனதும் நல்ல சம்பளத்துக்கு ஏதாவது விளம்பரக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். இதை மாற்ற, தனக்குப் பிடிக்காத செய்தி வந்த மாதமும் சந்தாவைக் கட்டும் வாசகர்கள் வேண்டும். ஒரு ஊரில் அப்படிச் சில நூறு பேர் இருந்தால் அந்த ஊருக்கு ஒரு நிருபரை வைத்துக்கொள்ளலாம். திருப்பூரில் அவர்களை நாங்கள் ஒவ்வொருவராகத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.